நுவரெலியாக்காரர் பெயரில் ஐந்து சிம் அட்டைகள்

2009 ஜனவரி 8ஆம் திகதி காலை, 'சண்டே லீடர்' பத்திரிகையின் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க காரில் அலுவலகம் போய்க்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிள்களில் பின்னால் வந்தவர்கள் அத்திடியவில் மறித்துத் தாக்கினார்கள். அன்றைக்கே களுபோவில வைத்தியசாலையில் அவர் உயிர் போனது. அந்தப் பகுதியில் அன்று இயங்கிய கைத்தொலைபேசிகளை ஆராய்ந்த பொலிஸார், கொலையோடு தொடர்புபட்டவை என்று ஐந்து சிம் அட்டைகளைக் குறித்துக்கொண்டார்கள். ஐந்தும் ஒரே ஆளின் பெயரில் இருந்தன. நுவரெலியாவில் வாகனம் திருத்திப் பிழைத்துவந்த ஒரு தமிழரின் பெயர் அது.

2010இல் அவரைப் பிடித்தார்கள். வழக்கு ஒரு முடிவுக்கும் வராமல், 2011இல் விளக்கமறியலில் இருக்கும்போதே அவர் இறந்துபோனார். அவருடைய அடையாள அட்டையைக் காட்டி அந்த அட்டைகளை எடுத்தவர் என்ற சந்தேகத்தில் கைதான இராணுவப் புலனாய்வுப் பிரிவுக்காரர் பின்னர் வெளியே வந்துவிட்டார்.

ஆள் பிடிபடாத கொலை ஒன்று நடந்துவிட்டால், ஹட்டன் பஸ் நிலையத்திலிருந்து லயத்து வாசல் வரை ஒரு பேச்சு கிளம்பும். கைத்தொலைபேசியில் பெயரில்லாத எவனோ எழுதிய நாலு வரியைக் காட்டி, "செஞ்சவனே எழுதுறான் பாருங்க, இல்லாட்டி இவ்வளவு வெவரம் எப்பிடித் தெரியும்?" என்பார்கள். கேள்வி அற்பமானதல்ல. குற்றம் செய்தவன் முகத்தை மறைத்துக்கொண்டு தன் குற்றத்தைப் பற்றியே பேச வருவானா? வருவான் என்பதற்கு உலகத்தில் சாட்சி இருக்கிறது. ஆனால் இந்த நாட்டில், அதுவும் நம்முடைய மலையில், அவன் வருகிற விதம் வேறு.

வெளிநாட்டுச் சாட்சியை முதலில் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் 1974 முதல் 1991 வரை பத்துப் பேரைக் கொன்றவன் டெனிஸ் ரேடர். கொன்றதோடு நிற்காமல் பத்திரிகைக்கும் தொலைக்காட்சிக்கும் எழுதினான். இடையில் பல வருடம் மௌனம். ஊர் தன்னை மறக்கிறது என்று தோன்றியதும் 2004இல் மறுபடி எழுதத் தொடங்கினான். கணினித் தட்டில் அனுப்பினால் என்னைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பொலிஸையே கேட்டான். முடியாது என்ற பொருளில் அவர்கள் பத்திரிகை விளம்பரம் வழியாகப் பதில் சொன்னார்கள். நம்பி அனுப்பினான். தட்டில் அவன் அழித்ததாக நினைத்த கோப்புக்குள் அவன் போய்வந்த தேவாலயத்தின் பெயரும் 'டெனிஸ்' என்ற பெயரும் கிடந்தன. 2005 பெப்ரவரியில் பிடிபட்டான். பொலிஸ் தன்னிடம் பொய் சொல்லிவிட்டதே என்பதுதான் அவனுடைய மனத்தாங்கல்! பத்துக் கொலை செய்தவனுக்கு, தனக்குச் சொல்லப்பட்ட ஒரு பொய் தாங்கவில்லை.

போலந்துக்காரன் கிறிஸ்தியான் பாலாவின் கதை நம் கேள்விக்கு இன்னும் கிட்ட வருகிறது. 2000 டிசம்பரில் ஓடர் ஆற்றில் ஒரு வியாபாரியின் உடல் கைகள் கட்டப்பட்ட நிலையில் கிடைத்தது. துப்பு ஒன்றுமில்லை. அந்நாட்டுத் தொலைக்காட்சியில் இந்தக் கொலையைப் பற்றி நிகழ்ச்சி ஒன்று போனபோது, அதன் இணையத்தளத்துக்குத் தூரக் கிழக்கிலிருந்து பெயரில்லாத செய்திகள் வந்தன. இது குறையே இல்லாத குற்றம் என்று அவை மெச்சின. 2003இல் பாலா 'அமோக்' என்றொரு நாவல் வெளியிட்டான். அதிலும் ஒரு கொலை. இறந்தவரின் கைத்தொலைபேசியைக் கொலை நடந்த சில நாட்களிலேயே இணைய ஏலத்தில் விற்றவன் பாலா என்று துப்பறிவாளர் ஒருவர் கண்டுபிடித்தார். அந்தப் பெயரில்லாச் செய்திகள் வந்த நாடுகளையும் அவனுடைய பயணங்களையும் ஒப்பிட்டார்கள். பொருந்தின. 2007இல் 25 வருடச் சிறை. ஆக, அப்படியும் ஒருவன் எழுதுவான். தன் கெட்டித்தனத்தைத் தன்னைத் தவிர வேறு யாரும் அறியவில்லை என்பது சிலருக்குச் சிறையைவிடப் பெரிய வேதனை.

இந்த இரண்டு கதைகளையும் வாசித்துவிட்டுக் கண்ணில் படுகிற பெயரில்லா வரிகளிலெல்லாம் கொலைகாரனைத் தேடக் கிளம்புகிறவர்களுக்கு இங்கிலாந்தின் யோர்க்‌ஷயர் வழக்கைச் சொல்லவேண்டும். 1970களின் பிற்பாதியில் அங்கே பெண்கள் ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்பட்டார்கள். 1978, 79இல் கொலைகாரன் பெயரில் மூன்று கடிதங்கள் வந்தன. 1979 ஜூனில் ஓர் ஒலிநாடாவும் வந்தது. குரலில் இருந்த வட்டார வழக்கை மொழியறிஞர் ஒருவர் கேட்டு, சண்டர்லாந்து நகரத்தின் இன்ன பகுதிக்காரன் என்று கிட்டத்தட்ட தெருவையே சொல்லிவிட்டார். அவர் சொன்னது சரி. ஆனால் பேசியவன் கொலைகாரன் அல்ல. கொலை செய்துகொண்டிருந்த பீட்டர் சட்கிளிஃப் பிராட்ஃபோர்ட் ஊரான். அவனைப் பொலிஸார் ஒன்பது தடவை விசாரித்தார்கள். ஒன்பது தடவையும் விட்டார்கள். நாடாவில் கேட்ட பேச்சு அவன் பேச்சில் இல்லை என்பது அவனுக்கு நல்ல கவசமானது. நாடா வந்தபிறகு இன்னும் மூன்று பெண்கள் செத்தார்கள். 1981 ஜனவரியில்தான் சட்கிளிஃப் அகப்பட்டான், அதுவும் காரில் இருந்த போலி இலக்கத்தகட்டால்.

அந்த நாடாக்காரன் யார்? ஜோன் ஹம்பிள் என்ற ஒரு குடிகாரன், வேலையில்லாதவன். பொலிஸாரைச் சீண்டிப் பார்க்க ஆசைப்பட்டவன். கடித உறையை ஒட்ட நாக்கால் தடவியபோது பட்ட எச்சில் 2005இல் மரபணுப் பரிசோதனையில் அவனைக் காட்டிக்கொடுத்தது. எட்டு வருடம் உள்ளே போனான். லண்டனில் 1888இல் 'ஜேக் த ரிப்பர்' என்ற பெயரையே உலகத்துக்குத் தந்த கடிதமும் ஒரு செய்தியாளரின் கைவேலைதான் என்று அந்தக் காலத்துப் பொலிஸ் அதிகாரிகளே நம்பினார்கள். உண்மையில் நடந்த கொலைக்குப் பொய்யாக உரிமை கொண்டாட ஆட்கள் எப்போதும் இருக்கிறார்கள். உரிமை கொண்டாடும் குரலில் நூற்றில் ஒன்று நிஜமாக இருந்தாலே அதிகம் என்பது என் கணிப்பு.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

லசந்த கொல்லப்படுவதற்கு ஏறத்தாழ மூன்று வாரம் முன்னால் அவருக்கு ஒரு மிரட்டல் கடிதம் வந்தது. கையால் எழுதியது, சிவப்பு மையில். அவர் போனபிறகு அதே பத்திரிகையின் ஆசிரியையாக வந்த பிரெட்ரிக்கா ஜான்ஸுக்கும் செய்தி ஆசிரியைக்கும் 2009 ஒக்டோபரில் கடிதங்கள் வந்தன. அவையும் சிவப்பு மை. எழுதுவதை நிறுத்தாவிட்டால் வெட்டிவிடுவோம் என்ற பொருள். கையெழுத்தை நிபுணர் ஒருவரிடம் காட்டியபோது, லசந்தவுக்கு வந்த கடிதத்தை எழுதிய அதே கைதான் இவற்றையும் எழுதியது என்று அவர் சொன்னதாகப் பத்திரிகை வெளியிட்டது.

இதில் பெருமை பேசுவது எங்கே இருக்கிறது? நான் எப்படிச் செய்தேன் பார் என்ற வரி ஒன்றும் இல்லை. செய்யப்போகிறேன் என்பதுதான் இருக்கிறது. ரேடரும் பாலாவும் எழுதியதற்குக் காரணம், அவர்கள் தனி ஆட்கள், தங்கள் கைங்கரியத்தை மெச்சுவதற்கு ஒருவரும் இல்லாதவர்கள். பின்னால் ஓர் அமைப்பு இருக்கிறவனுக்கு அந்தக் குறை இல்லை. அவனை மெச்ச வேண்டியவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ஊருக்கும் பாதி தெரியும். தெரிந்தும் ஒன்றும் நடக்காது என்பதே அவனுக்குக் கிடைக்கிற கைதட்டல். அவன் எழுதினால் அடுத்தவரை அடக்குவதற்கு எழுதுவான். மற்றபடி மௌனம்.

அந்தச் சிவப்பு மைக்காரனும் கொன்றவனும் ஒரே ஆளா என்பதை நான் இங்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் இங்கிலாந்தில் கால் நூற்றாண்டுக்கு மேல் பழைய உறை ஒன்று ஆளைக் காட்டியது. இங்கே அந்த உறைகள் எங்கே? அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போயினவா? முத்திரையின் பின்பக்கம் பார்க்கப்பட்டதா? கேட்டால் சங்கடப்படுவார்கள் என்பதற்காகக் கேட்காமல் விட முடியாது.

ஏனென்றால் இந்த வழக்கில் வேறொரு எழுத்தும் இருந்தது. அதை எழுதியவர் லசந்தவே. தன்னைத் தொடர்ந்துவந்த மோட்டார் சைக்கிள்களின் இலக்கங்களைக் காரில் இருந்தபடி ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிவைத்தார். அந்தப் புத்தகம் பொலிஸ் கைக்கு வந்து, பிறகு காணாமல் போனது. இதை மறைத்த குற்றச்சாட்டில் 2018இல் ஓய்வுபெற்ற பிரதிப் பொலிஸ் மாஅதிபர் ஒருவரும் கல்கிசைப் பொலிஸின் குற்றப்பிரிவுப் பொறுப்பதிகாரியாக இருந்தவரும் கைதானார்கள். கொலைகாரன் எழுதுவானா என்று நாம் மண்டையை உடைத்துக்கொள்கிறோம். கொலையுண்டவர் எழுதியது கண்முன்னே இருந்தது. அதைத்தான் இல்லாமலாக்கினார்கள்.

மூன்றாவது எழுத்து ஒன்றும் உண்டு, அது இன்னும் விசித்திரம். 2016 ஜூலையில் இந்த வழக்கில் இராணுவப் புலனாய்வுப் பிரிவைச் சேர்ந்த ஒருவரைக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் பிடித்தது. லசந்தவின் சாரதி அவரை அடையாளம் காட்டினார். மூன்று மாதம் போகவில்லை, அதே வருட ஒக்டோபரில் கேகாலைப் பக்கம் ஓய்வுபெற்ற இராணுவப் புலனாய்வுக்காரர் ஒருவர் தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார். பக்கத்தில் ஒரு கடிதம். லசந்தவைக் கொன்றது நான்தான், பிடிபட்டிருப்பவர் நிரபராதி என்று எழுதியிருந்தது. மரணம் மேலேயே சந்தேகம் எழுந்து, புதைத்த உடலைத் தோண்டியெடுத்து மறுபடி பரிசோதித்தார்கள். குற்றவாளியே வந்து ஒப்புக்கொண்டதாகச் சொல்லும் ஒரு கடிதம், பிடிபட்ட ஒருவரை வெளியில் எடுக்க மிகத் தோதான நேரத்தில், இனி எந்தக் குறுக்கு விசாரணைக்கும் நிற்க முடியாத ஒருவரிடமிருந்து வருகிறது. ஹம்பிளின் நாடாவை யோர்க்‌ஷயர் பொலிஸார் நம்பியதுபோல இதை நம்பிவிட வேண்டுமா?

ஒப்புதல் என்றாலே நமக்குச் சற்றுப் பயம் வரவேண்டும். 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவயில் ஐந்து வயதுச் சிறுமி கொல்லப்பட்டபோது, முதலில் ஒரு பாடசாலை மாணவனைச் சேர்த்து இருவரைப் பிடித்தார்கள். மரபணு பொருந்தவில்லை. அடுத்ததாகப் பிடிபட்டவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்று செய்தி வந்தது. நாடே அவரைத் தூக்கில் போடச் சொன்னது. அவருடைய மரபணுவும் பொருந்தவில்லை. பொருந்தியது அவர் சகோதரனுக்கு. அவனுக்கு 2016இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. செய்யாதவனே செய்ததாகச் சொன்னான்.

பொலிஸ் உத்தியோகத்தருக்குக் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை ஏற்கக்கூடாது என்று நம்முடைய 1895ஆம் ஆண்டுச் சான்றுக் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அந்தக் கதவை 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் திறந்துவிட்டது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி எடுத்தால் செல்லும் என்றது. அதன்பின் தமிழ் மட்டும் தெரிந்தவர்களின் வாக்குமூலங்கள் சிங்களத்தில் தட்டச்சாகி, கீழே பெருவிரல் ரேகையோடு நீதிமன்றம் வந்தன. நல்லரத்தினம் சிங்கராசா வழக்கு அப்படிப்பட்டது. அந்த ஒரு வாக்குமூலத்தை வைத்து 35 வருடச் சிறை. 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு இது நியாயமான விசாரணை அல்ல என்று சொன்னது. 2006இல் நம் உயர் நீதிமன்றம் அந்தக் கருத்தை ஏற்க மறுத்தது. ஆக, குற்றவாளி தானாக எழுதுவது இங்கே அபூர்வம். குற்றவாளிக்காக மற்றவர்கள் எழுதிக்கொடுப்பது அபூர்வமே இல்லை.

இதில் மலையகத்துக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். பங்கு அந்த அடையாள அட்டையில் இருக்கிறது.

1948இல் பிரஜாவுரிமையைப் பறிகொடுத்து, கடைசி நாடற்றவருக்கும் அது கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருந்த சமூகம் இது. அட்டையின் அருமை நமக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. ஆனாலும் அதை நாம் கொடுக்காத இடமில்லை. கடன் கொடுக்கும் கம்பனிக்காரருக்குப் பிரதி, கொழும்பு வேலைக்கு ஆள் பிடிக்க வருகிறவருக்குப் பிரதி, தொலைபேசிக் கடைக்குப் பிரதி. சோதனைச் சாவடியில் அட்டையே கைமாறும். வீட்டுக்கு இலக்கமில்லை, வீதிக்குப் பெயரில்லை, கடிதம் தோட்டக் காரியாலயத்துக்கு வந்து யார் கையிலோ போய், ஒரு வாரம் கழித்து வரும், வராமலும் போகும். முகவரி இல்லாத ஒருவனின் அட்டையில் வேறொருவன் தொலைபேசி எடுத்தால் அவனுக்கு எப்படித் தெரியவரும்? கொலைகாரனுக்குத் தேவை ஒளிந்துகொள்ள ஒரு பெயர். மேல்தட்டுக்காரரின் பெயரில் ஒளிந்தால் நாளைக்கே அவருடைய சட்டத்தரணி வந்து நிற்பார். கராஜில் கையெல்லாம் எண்ணெயோடு நிற்கிற நுவரெலியாத் தமிழனுக்காக யார் வரப்போகிறார்?

மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். நாமும் பெயரில்லாமல் எழுதியவர்கள்தான். தோட்டங்களில் மொட்டைப் பெட்டிசம் போன காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கணக்கப்பிள்ளை கொழுந்து நிறையில் அடிப்பதை, கங்காணியின் அட்டகாசத்தை, பெயர் போட்டு எழுதினால் வேலைநீக்கப் பற்றுச்சீட்டுக் கொடுத்துக் குடும்பத்தோடு தோட்டத்தைவிட்டு அனுப்பிவிடுவார்கள். அதனால் பெயரில்லாமல் எழுதினார்கள். அந்தப் பெட்டிசத்தில் பழிவாங்கலும் இருந்தது, பொய்யும் இருந்தது, ஆனாலும் வேறு வழியில்லாதவனின் ஒரே வழி அது. இன்றைக்கும் தோட்ட நிர்வாகத்தைப் பற்றியோ சங்கத் தலைவரைப் பற்றியோ ஒரு பிள்ளை பெயரை மறைத்து எழுதினால் அதில் எனக்குக் கோபமில்லை. 2024 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் முதலில் பாயப்போவது இந்தப் பிள்ளை மேலேதான் என்ற அச்சம்தான் எனக்கு. சிவப்பு மைக்காரனைத் தேட எந்தப் புதுச் சட்டமும் தேவைப்படவில்லை. இருந்த சட்டம் போதும், மனம்தான் வரவில்லை.

பெயரில்லாதவனைக் கண்டுபிடிக்கும் வேலையைக் கூட்டம் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 2011 ஓகஸ்டே போதும். 'கிரீஸ் மனிதன்' என்ற பீதி மலையெங்கும் பரவிய நேரம். யாரும் யாரையும் பார்க்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஹப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில் இரண்டு பேரை அந்தச் சந்தேகத்தில் அடித்தே கொன்றார்கள். அன்றைக்கு வதந்தி லயத்துக்கு லயம் நடந்து போனது. இன்று ஒரு நொடியில் போகும். ஆகவே பஸ் நிலையத்தில் கைத்தொலைபேசியைக் காட்டி "இவன்தான்" என்று சொல்லும் தம்பிமார் கொஞ்சம் நிதானிக்கவேண்டும். விவரம் தெரிந்து எழுதுகிறான் என்றால் பத்திரிகை வாசித்திருக்கலாம், பிரேதம் தூக்கியிருக்கலாம், பொலிஸில் தெரிந்தவர் இருக்கலாம், சும்மா அளந்திருக்கலாம். நிஜமாகவே சந்தேகம் என்றால் அந்த வரியைப் படம்பிடித்து, நேரத்தைக் குறித்து, புலனாய்வாளர் கையில் கொடுங்கள். ஊருக்குப் பகிராதீர்கள். பகிர்ந்தால் நிஜமான துப்பும் கெடும், நிரபராதி ஒருவனின் எலும்பும் முறியும்.

2025 பெப்ரவரியில் லசந்த வழக்கு மறுபடி செய்தியானது. சந்தேகநபர்கள் மூவரை விடுவிக்கலாம் என்று சட்டமா அதிபர் அறிவுறுத்தியது வெளியே வந்தது. லசந்தவின் மகள் பகிரங்கமாக எதிர்த்தார், ஊடகவியலாளர்கள் வீதிக்கு வந்தார்கள், அந்த அறிவுறுத்தல் நிறுத்திவைக்கப்பட்டது. அந்தச் சில நாட்களில் எவ்வளவோ பேர் பேசினார்கள். குறிப்புப் புத்தகம் பேசப்பட்டது, சாரதி பேசப்பட்டார். விளக்கமறியலில் செத்த நுவரெலியாக்காரரின் பெயர் எங்கோ ஒரு மூலையில் ஒரு வரியாக வந்து போனது.

மலையகத்திலிருந்து பாராளுமன்றம் போயிருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். வீட்டுத்திட்டமும் நாட்சம்பளமும் பேசுங்கள், அது உங்கள் கடமை. அதற்கிடையில் ஒருநாள் எழுந்து, அந்த மனிதரின் அட்டையில் அந்த ஐந்து சிம்களை எடுத்தது யார், அவர் தடுப்பில் எப்படி இறந்தார் என்ற இரண்டு கேள்விகளையும் நீதி அமைச்சரிடம் கேளுங்கள். பதில் ஹன்சார்டில் ஏறட்டும். இறந்தவர் பெயரிலிருந்து அந்தக் கறையை எழுத்து மூலமாகத் துடைக்கச் சொல்லுங்கள். அவர் குடும்பத்துக்கு நட்டஈடு கேளுங்கள்.